ஒன்பதா, இரண்டரையா?

ஒன்பது என்று ஷீலா எழுதியிருந்தாள். இரண்டரை என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். இரண்டும் ஒரே சாலையில், ஒரே அடையாளக் கல்லுக்குப் பக்கத்தில் எடுத்த மண்.

சாலைத் துறையிலிருந்து வந்த கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு சிவகணேஷ் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டு ஓரம் இருக்கும் அந்தச் சின்ன மண் பரிசோதனைக் கூடத்துக்கு முதலாளியும் அவர்தான், இன்ஜினியரும் அவர்தான். கோபம் வந்தால் கத்துகிற மனிதர் இல்லை. கண்ணாடியைத் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். அந்தத் திங்கட்கிழமை ரொம்ப நேரம் துடைத்தார்.

“உடைமரத்துப்பட்டி ரோடு. ரெண்டு கிலோமீட்டர் இருநூறு மீட்டர். மறுசோதனைக்கு வந்தவங்க அங்கனயே குழி போட்டுப் பாத்திருக்காங்க. ஏழு நாளைக்குள்ள விளக்கம் கேக்குதாங்க.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார். “உண்மையைச் சொல்லு ஷீலா. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துல வர முடியாம, நாலு நாள் ஊறப் போடாமலே மோல்டை எடுத்துட்டியா?”

ஷீலா கடிதத்தை எடுத்து, இரண்டரை என்ற எண்ணை இன்னொரு தடவை படித்தாள்.

ரோடு என்றால் ஊர் பேசுவது மேலே பளபளக்கும் தாரைப் பற்றித்தான். அடியில் கிடக்கும் மண்ணைப் பற்றி யார் கேட்கிறார்கள்? கேட்பதற்கென்று இருப்பதுதான் ஷீலாவின் வேலை. மண்ணை இரும்பு மோல்டில் போட்டு இடித்து இறுக்குவாள். நாலு நாள் தண்ணீர்த் தொட்டியில் முழுக வைப்பாள். ஐந்தாம் நாள் எந்திரத்தில் ஏற்றி, கட்டைவிரலைவிடத் தடித்த இரும்புத் தண்டு ஒன்றை அந்த ஈர மண்ணுக்குள் மெல்ல மெல்ல இறக்குவாள். மண் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று பார்த்து, உடைகல் ஜல்லி நிற்பதோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று எழுதுவாள். ஒன்பது வந்தால் செம்மண் சரளை, தைரியமாக ரோடு போடலாம். இரண்டரை என்றால் கரிசல். ஒன்பதை நம்பி மெல்லிசாகப் போட்ட ரோடு கரிசல்மேல் கிடந்தால், இரண்டாவது மழைக்கே பள்ளம் விழுந்து, பள்ளிக்கூட வேன் அதில் சாய்ந்து நிற்கும்.

“நாலு நாளும் வந்தேன் சார்,” என்றாள் கடைசியில். “தபசு அன்னைக்கு பஸ்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. கூட்டத்துல செருப்பு அறுந்து, வெறுங்காலோட வந்து டயல் பாத்தேன்.”

“நான் நம்புதேன். நம்புதேன்னு எழுதி அனுப்ப முடியுமா?”

சார் கடிதத்தை வாங்கி மடித்தார்.

“மெஷின்ல கோளாறுன்னு எழுதிருவோம். பிரச்சினை தீந்துரும். ஆனா ரிப்போர்ட்டுல உன் கையெழுத்து கொஞ்ச நாளைக்கு வேண்டாம். பழையபடி டைப் அடிக்கிறதைப் பாரு.”

பழையபடி! அந்த ஒரு வார்த்தை போதாதா?

ஷீலாவின் அப்பா வாசுதேவநல்லூரில் பருப்புக்கடை வைத்திருந்தவர். ஊறப்போட்டால் உளுந்து ஏன் இவ்வளவு உப்புகிறது, துவரை ஏன் அவ்வளவு உப்பவில்லை என்று கேட்டுக் கேட்டு அவர் உயிரை வாங்கிய பிள்ளை. கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்தாள். கணவர் விஜயராஜுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. டைப் அடிக்க உட்கார்ந்தவளுக்கு வந்த வேலைகளில் ஒன்றுதான் சிவகணேஷ் சாருடைய மண் ரிப்போர்ட்டுகள். ஒன்றும் புரியாமலே இரண்டு வருஷம் எண்களாக அடித்துத் தள்ளினாள். புரியாததை அடிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பது மாதிரி அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“சார், ராயகிரிக் குழியும் சிவகிரிக் குழியும் ரெட்டைப் பிள்ளையளா? பதினாறு நம்பரும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணா இருக்கே.”

அப்போது கூடத்தில் இருந்த ஆள் ஒரு குழியைச் சோதித்துவிட்டு இரண்டு குழிக்கு எழுதியிருந்தான். அவன் போனான். “நம்பரைப் பாத்தே கண்டுபிடிச்சவ, மண்ணைப் பாத்தா என்னென்ன கண்டுபிடிப்பே?” என்று சார் அவளைக் கூப்பிட்டுக்கொண்டார். அதன்பிறகு மோல்டு கழுவினாள், சல்லடை ஆட்டினாள், முப்பத்துமூன்று வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பகுதிநேர டிப்ளமோ படித்தாள். அரியர் விழுந்து, அழுது, மறுபடி எழுதி, முப்பத்தெட்டில் பாஸ் பண்ணினாள். இப்போது நாற்பத்தொன்று. ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயர் வர ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. முதல் கையெழுத்து போட்ட அன்று வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் இன்னும் இருபது தடவை போட்டுப் பார்த்தவள் அவள்.

சோதிக்காமல் எழுதியவனைப் பிடித்துக் கொடுத்து உள்ளே வந்தவள்மேல், இன்று அதே பழி.

அழுகை வரத்தான் செய்தது. ஆனால் பாதி அழுகையிலேயே ஒரு கேள்வி குறுக்கே வந்து விழுந்தது. அதுதான் ஷீலா.

தபசு அன்றைக்கு வெறுங்காலோடு வந்து பார்த்தாளே, அந்த டயல் முள். ஊறுகிற மண் உப்பினால் முள் நகரும். கரிசல் என்றால் உளுந்து மாதிரி உப்பும். அந்த மோல்டிலோ, நாலு நாளும் முள் இருந்த இடத்தைவிட்டு இம்மியும் அசையவில்லை. அப்படியானால் அது கரிசலே இல்லை. அவர்கள் தோண்டியதோ கரிசல். அவளும் பொய் சொல்லவில்லை, அவர்களும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்வது மண்ணா?

மீதி மண் மூட்டையைச் சோதனை முடிந்து ஆறு மாதம் வைத்திருப்பது வழக்கம். மூலையிலிருந்து இழுத்து வந்து, தார்ப்பாயில் கொட்டினாள். செக்கச்சிவந்த சரளை. சல்லடையில் போட்டு ஆட்டினாள். மேலே நின்ற கற்களுக்கு நடுவில் பச்சை நிறத்தில் ஒரு கண்ணாடி வளையல் துண்டு. இன்னொன்று சிவப்பு. அப்புறம், சுருண்டு கருகிய காகிதத் துணுக்குகள்.

ஷீலாவின் கை நின்றுவிட்டது. முதல் தடவை சலித்தபோதும் இவை வந்தன. அவள்தான் விரலால் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். ஒரு அடி ஆழத்தில் எடுத்த மண்ணுக்குள் வளையல் எப்படி வந்தது என்று, உலகத்தில் எதையும் கேட்கிறவள், அன்றைக்குக் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடைக்குப் போனபோது துண்டுகளைத் தாளில் மடித்து எடுத்துப் போனாள். விஜயராஜ் சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, புருசன் வாங்கித் தந்த வளையலை ஒருநாளும் இப்படி உத்துப் பாத்ததில்லையே நீ!”

“நீங்க எப்ப வாங்கித் தந்திய?”

“அதை விடு. இந்தா கருகிக் கெடக்குது பாரு, இது வெடித்தாளு. வெடித்தாளும் வளையலும் ஒரே இடத்துல கெடந்தா, ஒண்ணு கல்யாண வீடு. இல்லன்னா அம்மன் கொடை. ரோட்டுக்கு நடுவுல யாரும் கல்யாணம் வைக்கமாட்டாங்க.”

ஷீலா சாப்பாட்டை மறந்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, ஸ்கூட்டியில் அவளும், பின்னால் டி.வி.எஸ். வண்டியில் கடப்பாரை, மண்வெட்டியோடு பெத்துராஜும் உடைமரத்துப்பட்டிக்குப் புறப்பட்டார்கள். பெத்துராஜ்தான் கூடத்துக்குக் குழி தோண்டுகிறவர். ஐம்பது வயது தாண்டியவர். வழக்கமாக வழி முழுக்கச் சத்தமாகப் பாடிக்கொண்டு வருவார். அன்று வாயே திறக்கவில்லை. அதையும் ஷீலா கவனித்துக்கொண்டாள்.

இருநூறு மீட்டர் கல் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். இரண்டு பக்கமும் கன்னங்கரேலென்று கரிசல் காடு. பருத்தி நட்டிருந்தார்கள். மறுசோதனைக்காரர்கள் தோண்டி மூடிய குழி ரோட்டு ஓரத்தில் தெரிந்தது. செம்மண் ஒரு பிடிகூடக் கண்ணில் படவில்லை.

“அண்ணாச்சி, நம்ம குழி எங்கன?”

“இங்கனதான் யம்மா. மூடியாச்சுல்லா. மழை பெஞ்சுருக்கு, தடம் எப்படித் தெரியும்?”

“கரிசலைத் தோண்டுனா செம்மண்ணா வரும்?”

பெத்துராஜ் தலையைச் சொறிந்தார். அவர் கண் கல்லுக்குப் பின்னால் போய்ப் போய் வந்தது. ஷீலாவும் அங்கே பார்த்தாள். வேப்ப மரத்தடியில், ரோட்டிலிருந்து நாலு அடி தள்ளி, இடுப்புயரத்துக்கு ஒரு புற்று. மஞ்சளும் குங்குமமும் அப்பி, சிவப்புத் துணி சுற்றியிருந்தது. ஆடுகளை மேயவிட்டுவிட்டு ஒரு பெண் அதற்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் என்று பெயர். பக்கத்துக் காடு அவளுடையது. செவ்வாய் தவறாமல் பால் ஊற்றுவது அவள்தான்.

“அவரு எங்கம்மா இங்கன தோண்டுனாரு?” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. “கடப்பாரையைத் தூக்கிட்டு வந்தாரு. எங்க நாகம்மாளைக் கண்டாரு. ஒரு கும்புடு போட்டாரு. ஒரே ஓட்டமா வளைவு தாண்டிப் போய், அம்மன் கொடைத் திருவிழா நடக்குத பொட்டல்லல்லா தோண்டுனாரு.”

“ஏட்டி சீனி, வாயை மூடுதியா!” என்றார் பெத்துராஜ்.

“நான் ஏன் மூடணும்? நீரு மூடாமப் போன குழியில என் கிடாக்குட்டி விழுந்து கால் பெசகிச்சுல்லா!”

ஷீலாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது என்னவோ கேள்விதான். “ஏன் அண்ணாச்சி?”

பெத்துராஜ் தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதரின் கண் நிறைந்துவிட்டது.

“சின்னதுல எனக்கு உடம்பெல்லாம் படை யம்மா. பக்கத்துல ஒருத்தரும் அண்டமாட்டாங்க. பள்ளிக்கூடத்துல தனியா உக்கார வைப்பாங்க. எங்கம்மா கோயில் புத்துமண்ணைக் கொண்டாந்து குழைச்சுப் பூசிப் பூசித்தான் ஆறுச்சு. அன்னைக்கு அவ நேந்துக்கிட்டா, ‘புத்து கண்ணுல படுத இடத்துல எம்மவன் கடப்பாரை போடமாட்டான்’னு. பெறகு எனக்கு வாய்ச்சதோ குழி தோண்டுத பொழப்பு. நான் என்ன செய்ய? அதுவும் தபசுக்குக் கொடியேறியிருந்த நேரம். மண்ணு மண்ணுதானேன்னு நெனைச்சுட்டேன்.”

மண்ணு மண்ணுதானே! ஷீலா அந்தக் குழி இருந்த இடம்வரை டேப் பிடித்து அளந்துகொண்டே நடந்தாள். நூற்றுப்பத்து அடி. வளைவு தாண்டியதும் புற்று மறைந்துவிட்டது. ரோட்டை ஒட்டிச் செக்கச்செவேலென்று ஒரு பொட்டல். கொடைக்குச் சப்பரம் நிற்க, கரிசல் சேறாகாமல் இருக்க, ஊரார் லாரி லாரியாகச் செம்மண் சரளை கொட்டி ரோலர் விட்டிருந்தார்கள் என்று சீனியம்மாள் பின்னாலேயே வந்து சொன்னாள். நூற்றுப்பத்து அடிக்குள் இரண்டரை ஒன்பதாகிவிட்டது. ஷீலா குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். விரலிடுக்கில் நீல வளையல் துண்டு ஒன்று மினுங்கியது.

“இன்னும் எத்தனை குழி இப்படித் தள்ளித் தோண்டியிருக்கிய அண்ணாச்சி?”

“எங்கம்மா சத்தியமா இது ஒண்ணுதான். மத்த ரோட்டுல அடையாளக் கல்லுகிட்ட புத்தே வாய்க்கல.”

சரி. இப்போது உண்மையான இடத்தில் தோண்டியாக வேண்டும். நாலு நாள் ஊறவேண்டும், திங்கட்கிழமைக்குள் விளக்கம் போகவேண்டும். ஷீலா கடப்பாரையைத் தானே எடுத்தாள். வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண், அவளுக்கு என்ன நேர்த்தி? பெத்துராஜ் பதறிப்போய்க் கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். “பொம்பளைப் பிள்ளையத் தோண்டவிட்டு நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கவா? அது அதைவிடப் பாவம் யம்மா!” விடவும் மாட்டார், தோண்டவும் மாட்டார். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி நடு ரோட்டில் நின்றார்கள்.

சீனியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “உங்க அம்மா என்ன சொன்னா? கண்ணுல படுத இடத்துலன்னுதான சொன்னா?”

“ஆமா.”

“படாட்டி?”

பதிலுக்குக் காத்திராமல் காட்டு வரப்பில் இறங்கி வீட்டுக்கு ஓடினாள். பழைய வாடாமல்லி நிறச் சேலை ஒன்றோடு திரும்பி வந்தாள். ஒரு தலைப்பை வேப்பங்கிளையில் கட்டினாள், மறு தலைப்பை ரோட்டோர முள்வேலிக் கம்பில் இழுத்து முடிந்தாள். புற்று அந்தப் பக்கம், குழி இந்தப் பக்கம்.

“கோயில்ல சாமிக்கே திரை போட்டுத்தான அலங்காரம் பண்ணுதாங்க? அப்ப நம்ம வெளிய நிக்கலயா? தோண்டும்வே!”

பெத்துராஜ் திரையை மேலும் கீழும் பார்த்தார். இந்தக் கோடியில் நின்று பார்த்தார், அந்தக் கோடியில் நின்று பார்த்தார். ஒரு ஓரத்தில் சிவப்புத் துணி தெரிகிறது என்று சேலையை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டச் சொன்னார். பிறகு திரையை நோக்கிக் கும்பிட்டுவிட்டு, கடப்பாரையை ஓங்கினார். முதல் குத்துக்கே கறுப்பு மண் கட்டியாகப் பெயர்ந்து வந்தது. ஷீலா கையில் வாங்கி நசுக்கினாள். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு விரலில் ஒட்டியது.

புதன்கிழமை அதைக் காயவைத்து, சலித்து, மோல்டில் இடித்து, தொட்டியில் இறக்கினாள். அன்று சாயங்காலமே முள் நகர்ந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாள் மோல்டின் மேலிருந்த இரும்புத் தட்டைத் தள்ளிக்கொண்டு மண் எழுந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகக் கூடத்துக்குப் போனாள். சிவகணேஷ் சாரும் வந்திருந்தார். எந்திரத்தில் ஏற்றிக் கைப்பிடியைச் சுற்றினாள். தண்டு எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. கணக்குப் போட்டார்கள். இரண்டு புள்ளி நாலு.

சார் நீளமாக மூச்சு விட்டார். “அப்ப உன் சோதனை சரி. எடத்தை மாத்துனது அந்த ஆளு. அப்படியே எழுதிருவோம். பெத்துராஜை நிறுத்தியாச்சுன்னும் சேத்து எழுது. உன் கையெழுத்துக்கு ஒரு குறையும் வராது.”

எவ்வளவு சுலபமான வழி! ஷீலாவின் கை கீபோர்டில்தான் இருந்தது. ஒரு வரி போதும், பழி மொத்தமும் இன்னொரு தலைக்கு மாறிவிடும். படையோடு பள்ளிக்கூடத்தில் தனியே உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் அவள் கண்முன்னே வந்தான். ஆனால் அவளைத் தடுத்தது அந்தப் பரிதாபம் மட்டுமில்லை. பச்சை வளையல் துண்டைப் பொறுக்கிக் குப்பையில் போட்டது பெத்துராஜ் அல்லவே!

அவள் அடித்தாள். சார் தோளுக்கு மேலே நின்று படித்தார்.

‘மாதிரி எடுத்த இடம் நூற்றுப்பத்து அடி பிசகிவிட்டது. மண் எடுக்கும்போது சோதித்தவராகிய நான் உடன் செல்லவில்லை. மண்ணில் வளையல் துண்டும் வெடிக்காகிதமும் கிடந்ததை முதல் நாளே பார்த்தும், ஏனென்று கேட்கவில்லை. சரியான இடத்து மண்ணின் மதிப்பு இரண்டு புள்ளி நாலு. முந்தைய அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.’

“ஏம்மா, யாரும் கேக்காத குத்தத்தை நீயா ஒத்துக்கிடுதியே! கையெழுத்தைப் பிடுங்கிட்டாங்கன்னா?”

“பிடுங்கட்டும் சார். ஆறு மாசம்தான் போட்டிருக்கேன். இப்பவே பாத்ததை மறைக்கக் கத்துக்கிட்டேன்னா, இன்னும் இருபது வருசம் என்னத்தையெல்லாம் மறைப்பேன்?”

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பேனாவை எடுத்து நீட்டினார்.

பதில் வர பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் புதிய ரிப்போர்ட் எதிலும் அவள் கையெழுத்துப் போடவில்லை. மோல்டு கழுவினாள், டைப் அடித்தாள். வீட்டில் விஜயராஜ் கேலி பேசுவதைக்கூட நிறுத்திவிட்டார். அதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

பதில் நாலே வரிதான். திருத்திய மதிப்பு ஏற்கப்பட்டது. ரோட்டின் அடித்தளத்தைக் கனமாக்கப் புதிய வரைவு போடப்படும். சோதனைக் கூடத்துக்கு எச்சரிக்கை. இனி மண் எடுக்கும் ஒவ்வொரு குழியிலும் சோதிப்பவர் நேரில் நிற்கவேண்டும், ‘சோதித்தவர்’ கையெழுத்தோடு ‘உடனிருந்தவர்’ என்றும் கையெழுத்திட வேண்டும்.

“ஒரு கையெழுத்தைப் பிடுங்குவாங்கன்னு பாத்தா, ரெண்டாக்கி அனுப்பியிருக்காங்க,” என்றார் சார். “வெயில்ல கறுத்துப் போவே.”

“நான் எப்ப செவப்பா இருந்தேன்?” என்று சிரித்தாள் ஷீலா. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அதைத் துடைக்கவும் மறந்து, அந்த நாலு வரியை மறுபடி படித்தாள்.

அந்த வாரமே சிவகிரிப் பக்கம் ஒரு ரோட்டுக்குக் குழி. பெத்துராஜ் தோண்ட, ஷீலா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக மண் அவளிடம் மூட்டையில் கட்டித்தான் வந்தது. உடைமரத்துப்பட்டி ஒன்றைத் தவிர, அது கிடக்கும் இடத்தை, கிடக்கும் விதத்தை அவள் பார்த்ததே இல்லை. குழி இடுப்பாழம் வந்ததும் குடையை மடக்கிக் கரையில் வைத்தாள்.

“நீங்க மேல ஏறுங்க அண்ணாச்சி.”

“எதுக்கு யம்மா? மூட்டையில அள்ளித்தாரேன்லா?”

அவள் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள். குழியின் சுவர் கண்ணுக்கு நேரே நின்றது. மேலே ஒரு சாண் பழுப்பு. அதற்குக் கீழே சிவப்பு. அதற்கும் கீழே, யாரோ சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஷீலா விரலால் ஒரு வெள்ளைப் புள்ளியைச் சுரண்டினாள். கல்லாக இருந்தது.

“அண்ணாச்சி, இது இங்கன எப்படி வந்துச்சு?”

“எனக்கென்ன தெரியும்? முப்பது வருசமாத் தோண்டுதேன், ஒருத்தரும் கேட்டதில்ல.”

“அப்ப இன்னும் ஒரு அடி தோண்டுங்க,” என்றாள் ஷீலா.